உயிரோடிருப்பவரின் இழப்பு

கன்ஸார்ஷியம் என்ற லத்தீன் வார்த்தை இன்று கம்பெனிகளும் வங்கிகளும் கூட்டுச் சேர்வதைக் குறிக்கிறது. இங்கிலீஷ் சட்டத்தில் அது தாம்பத்யத்தின் பெயராக இருந்தது. உடனிருப்பு, பரிவு, உதவி, உடலுறவு எல்லாம் அதில் அடக்கம். பிறரின் கவனக்குறைவால் மனைவி படுகாயமடைந்தால், தான் இழந்த இந்த உடனிருப்புக்காகக் கணவன் வழக்குப் போடலாம். வேலையாளுக்கு அடிபட்டால் எஜமான் நஷ்டஈடு கேட்கும் உரிமைக்கு இது உடன்பிறப்பு. கணவனுக்கு அடிபட்டால் மனைவிக்கு அந்த உரிமை கிடையாது. உடைமைக்கு ஏது உடைமை?

ஆலையில் நேர்ந்த விபத்தில் ஆண்மையிழந்த ஒருவரின் மனைவி இந்தக் கேள்வியை எழுப்பினாள். வழக்கு பிரபுக்கள் சபைவரை போயிற்று. கணவனின் உரிமையே காலத்துக்கு ஒவ்வாத பழைய மிச்சம், அதை மனைவிக்கும் விஸ்தரிக்க முடியாது என்று 1952ல் தள்ளிவிட்டார்கள். 1982ல் பார்லிமெண்ட் கணவனின் உரிமையையும் எடுத்துவிட்டது. சமத்துவம் வந்தது, இருவர் கையும் காலியாக.

அமெரிக்கா வேறு திசையில் போயிற்று. 1950ல் வாஷிங்டனின் அப்பீல் கோர்ட்டும் 1974ல் கலிபோர்னியாவின் உச்சநீதிமன்றமும் மனைவியின் உரிமையை ஏற்றன. கலிபோர்னியத் தீர்ப்பின் விவரங்கள் என்னை விடவில்லை. கல்யாணமாகிப் பதினாறு மாதம். வீடு வாங்கச் சேமித்துக்கொண்டிருந்தார்கள். நிறையக் குழந்தைகள் வேண்டுமென்றிருந்தார்கள். 600 பவுண்டுக்கு மேல் எடையுள்ள குழாய் அவன் தலையில் விழுந்தது. நடுமார்புக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போயிற்று. அவள் வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டாள்.

இப்படிப்பட்ட வழக்கின் குரூரம் அதன் வடிவத்திலேயே இருக்கிறது. இழப்பை நிரூபிக்க, தன் கணவன் இனி எதுவாகவெல்லாம் இல்லை என்று மனைவி பட்டியலிட வேண்டும். அவன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். முன்பு எப்படி இருந்தீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் குடையலாம். படுக்கையறையைக் காசாக்குவதா என்று நமக்குக் கூச்சம் வருகிறது. அந்தக் கூச்சம் யாருக்குச் சௌகரியம்?

நம் பதில் நளாயினி. குஷ்டரோகிக் கணவனைக் கூடையில் சுமந்தவள். அவளைக் கும்பிட்டோம், அவள் எதை இழந்தாள் என்று கேட்கவில்லை. கதை மட்டும் அதை மறக்கவில்லை. தாபம் தீராமல் அவள் திரௌபதியாகப் பிறந்தாள் என்றும் ஒரு பாடம் வழங்குகிறது. மேடைகளில் கூடையோடு நிறுத்திவிடுகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனார். அவர் சம்சாரத்தைத் தெருவே மெச்சிக்கொண்டிருந்தது. ஒருநாள் ரேஷன் வரிசையில் அந்தம்மாள் சொன்னாள்: "அவரு இருக்காருங்களே. அதனால எதையும் போச்சுன்னு சொல்லக்கூடாதுங்க." விதவையின் துக்கத்துக்குச் சடங்கு உண்டு, அழ ஆட்கள் உண்டு. இவளுடைய துக்கத்துக்கு ஒரு பெயர்கூட இல்லை.

நமது சட்டமும் அவளைப்போலவே பேசுகிறது. 1988ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 166வது பிரிவு, நஷ்டஈட்டுக்கு மனுப் போடக்கூடியவர்களை வரிசைப்படுத்துகிறது: காயம்பட்டவர், சேதமான சொத்தின் சொந்தக்காரர், மரணமென்றால் வாரிசுகள், இவர்களுடைய ஏஜெண்ட். நசுங்கிய சைக்கிளின் சொந்தக்காரருக்கு இடமிருக்கிறது. உயிரோடு கிடப்பவரின் மனைவிக்கு, மனைவி என்ற முறையில், இடமில்லை. துணையை இழந்ததற்கு 40,000 ரூபாய், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூட்டி, என்று உச்சநீதிமன்றம் 2017ல் நிர்ணயித்தது. அது சாவுக்கு.

எந்தத் தொகையும் ஓர் இரவைக்கூடத் திருப்பித் தராது. ஆனாலும் கலிபோர்னியாவில் போட்ட அந்த மனுவில் வாதி என்று அவள் பெயரும் எழுதப்பட்டிருந்தது. கட்டியவன் உயிரோடிருக்க, 'எனக்கு இழப்பு' என்று ஒரு மனைவி சொல்வது துரோகமாகாத காகிதம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.