செல்ஃப் எடுக்காத வண்டி

நண்பர் மறைந்து ஐந்து மாதங்கள் கழித்து அவருடைய மனைவி எங்களைத் தொலைபேசியில் அழைத்தார். "அவர் வண்டியை யாராவது எடுத்துக்கொண்டு போங்கள். வாசலில் அப்படியே நிற்பதைப் பார்க்க முடியவில்லை" என்றார். அண்ணி அதிகம் பேசுகிறவர் அல்லர். அவ்வளவு பேசியதே எங்களுக்கு உறுத்தியது.

நாங்கள் நால்வர். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டிய சந்தில் இருக்கும் அவர் வீட்டு மாடியில் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். பேச்சு ஓய்ந்ததும் மணலில் வடக்கே நடந்து, 1977 ஆம் ஆண்டு வெள்ளத்தில் உடைந்த பாலம் வரை போய்த் திரும்புவோம். அவர் போன பிறகு நாங்கள் கூடவில்லை. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வோம். அந்த வீட்டு வாசலில் அவரில்லாமல் நிற்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

வண்டி ஒரு மாருதி 800. உற்பத்தி 2014 ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்ட வகை. அண்ணி அதற்குள் ஒரு பணிமனை ஆளை அழைத்துக் காட்டியிருந்தார். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, செல்ஃப் மோட்டார் போய்விட்டது, செலவழிக்குமளவுக்கு வண்டி பெறாது, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லிப் போனாராம். அதை அப்படியே நம்ப எங்களுக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் சாவியைத் திருப்பியபோது 'டிக்டிக்டிக்டிக்' என்று பல்லி பலமுறை சொன்னதுபோல் ஒலித்தது. இதற்குப் பொருள் எளிது. பேட்டரியில் மிச்சமிருக்கும் சிறு மின்சாரத்தில் சொலினாய்டு என்னும் காந்தச் சுவிட்சு இழுக்கிறது. இழுத்தவுடன் மோட்டார் மொத்த மின்சாரத்தையும் கேட்கிறது. அழுத்தம் சரிந்து சுவிட்சு விடுகிறது. விட்டவுடன் அழுத்தம் ஏறி மறுபடி இழுக்கிறது. ஐந்து மாதம் நின்ற வண்டியில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? பேட்டரியைக் கழற்றிக் கடையில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றினோம். மறுநாள் மாலை மீட்டரில் 12.6 வோல்ட் காட்டியது. முழு வலுவோடு இருக்கும் பேட்டரிக்கு உரிய அளவு அது. டெர்மினல்களில் பூத்திருந்த வெண்ணிறப் பொடியைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, மாட்டி இறுக்கினோம்.

சாவியைத் திருப்பினோம். ஒரே ஒரு 'டிக்'. அதன்பின் அமைதி.

முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி திருப்பினோம். விளக்கு மங்கினால் பேட்டரியிலோ அதன் இணைப்பிலோ குறை. மங்காமல் எரிந்து 'டிக்' மட்டும் கேட்டால் குறை மோட்டாரில் என்பது பொதுவிதி. விளக்கு துளியும் மங்கவில்லை. பணிமனைக்காரர் சொன்னது சரிதான் போலும் என்று நினைத்துச் சோர்ந்து வாசற்படியில் உட்கார்ந்தோம். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் குப்பத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். குப்பத்தில் 2015 ஆம் ஆண்டு முதல் விழா நடந்து கர்நாடக இசை மணலுக்கு வந்தபோது நண்பருக்குப் பழக்கமானவர். எங்களுக்கு முகம் தெரியும். ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை.

"எத்தினி தபா டிக்குங்குது சார்?" என்றார்.

"ஒரே தடவைதான் ஐயா."

"லைட்டு?"

"நன்றாக எரிகிறது."

அவர் எஞ்சின் பக்கம் குனிந்து கைவிட்டுத் துழாவினார். "சிவப்பு வயரத்தான் எல்லாரும் பாப்பாங்க. கறுப்பு எங்க போய் முடியுதுன்னு பாத்தீங்களா? உப்புக் காத்து கண்ணுக்குத் தெரியாத எடத்தைத்தான் மொதல்ல தின்னும். கரைக்கு வந்ததும் போட்டு எஞ்சினை நல்ல தண்ணில கழுவுறது எதுக்கு?"

எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை அது. வெளியே கறுப்பு, உள்ளே பச்சை பூத்துப் பொடிந்து நாலைந்து இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. முகப்பு விளக்கின் மின்சாரம் இந்தப் பட்டை வழியே போவதில்லை. அது உடலோடு திரும்பிவிடும். மோட்டாரின் மின்சாரமோ எஞ்சின் உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். சுவிட்சு 'டிக்' என்பதற்கு அந்த நாலைந்து இழைகள் போதும். மோட்டார் சுழல நூறு ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். அதற்கு அவை போதா. விதி பொய்யில்லை. அதில் ஒரு வரியை நாங்கள் படிக்காமல் விட்டிருந்தோம்.

சோதிப்பது எளிது. கியர் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஜம்பர் கேபிளின் ஒரு முனையை எஞ்சினின் வெற்று உலோகத்தில் இறுகக் கவ்வவிட்டு, மறுமுனையை பேட்டரியின் மைனஸில் மாட்டினோம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இரண்டு சுற்று முனகி, ஐந்து மாதத் தூசியை இருமித் துப்பி, ஓடத் தொடங்கியது. மறுநாள் புதுப் பட்டை வாங்கி, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு, துருவைச் சுரண்டிப் பட்டையை முடுக்கி, மேலே வாசலின் தடவினோம். இரும்புக்குப் போகவிருந்த வண்டிக்கு ஆன செலவு, நாங்கள் ஒருமுறை கூடும்போது குடிக்கும் தேநீருக்கு ஆவதைவிடச் சற்றே அதிகம்.

1912 ஆம் ஆண்டு கேடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வரும்வரை முகப்பில் கைப்பிடி செருகிச் சுழற்றித்தான் வண்டியைக் கிளப்பினார்கள். நம் அம்பாசடரிலும் அந்தக் கைப்பிடி நெடுங்காலம் இருந்தது. கையால் சுழற்றியவனுக்கு எஞ்சின் எங்கே பிடிக்கிறது என்று தோளே சொல்லிவிடும். நமக்கு மிஞ்சியது ஓர் ஒலி. அதையாவது எண்ணிக் கேட்கவேண்டும் என்று, இன்றும் கயிறிழுத்து எஞ்சினைக் கிளப்பும் ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது.

அன்று மாலை அண்ணியை முன்னிருக்கையில் உட்காரவைத்து, பேட்டரி தேறட்டும் என்று அரைமணி நேரம் கடற்கரைச் சாலையில் சுற்றினோம். திரும்பியதும் இறங்காமல் சற்று இருந்தார். "இதை விற்க வேண்டாம்" என்றார். பிறகு, "வாரம் ஒருமுறையாவது ஓட்டவேண்டுமாமே, பெரியவர் சொன்னார். மாதம் ஒரு ஞாயிறாவது நீங்கள் வரலாம்" என்றார்.

அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் பொடிந்துபோயிருந்த அந்தப் பட்டையை நினைத்துக்கொண்டோம். அடுத்த ஞாயிறு மாடியில் கூடினோம். பெரியவரும் வந்திருந்தார்.