பாட்டாவின் பதினோரு எஞ்சின்கள்

ரிட்டயர் ஆனவங்க என்ன செய்வாங்கன்னு கேட்டா நம்ம எல்லார்கிட்டயும் ஒரு லிஸ்ட் இருக்கும். பேப்பர் படிப்பாங்க, வாக்கிங் போவாங்க, கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போவாங்க, டிவி சீரியலைத் திட்டிக்கிட்டே பார்ப்பாங்க. என் பாட்டா (எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பழைய அவுட்போர்டு மோட்டார் சேர்க்கிறார். வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஓட்டு அறையில மொத்தம் பதினொன்னு. ஒவ்வொன்னையும் மரச்சட்டத்தில் மாட்டி, சாக்கு போட்டு மூடி வெச்சிருக்கார்.

அவுட்போர்டுன்னா படகோட பின்பலகையில் வெளிப்பக்கமா மாட்டுற எஞ்சின். மேலே எஞ்சின், நடுவே செங்குத்தா ஒரு ஷாஃப்ட், கீழே கியரும் ப்ரொப்பெல்லரும். திருப்பணும்னா முழு மோட்டாரையும் திருப்பணும், தனியா சுக்கான் வேண்டாம். இதை வியாபாரமா வெற்றிகரமா செஞ்சு காட்டியவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க ஏரியில் துடுப்புப் போட்டார், திரும்பி வர்றதுக்குள்ள அது உருகிப் போச்சு, அந்தக் கடுப்புலதான் மோட்டார் யோசனை வந்துச்சுன்னு ஒரு கதை சொல்வாங்க. கதை எப்படியோ, 1909-ல் மில்வாக்கியில் அவர் விற்பனைக்குக் கொண்டு வந்த மோட்டாருக்கு ஒரே சிலிண்டர், ஒன்றரை குதிரைசக்தி, எடை சுமார் 28 கிலோ. 1965-லேயே அமெரிக்காவில் பழைய அவுட்போர்டு சேகரிக்கிறவங்களுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாச்சு. இதெல்லாம் பாட்டாவுக்கு நான் சொல்லித்தான் தெரியும். "அப்போ எனக்கு மட்டும் கிறுக்கு இல்ல மக்ளே"ன்னு சிரிச்சார்.

பாட்டா கடலுக்குப் போனவர் இல்லை. கடற்கரையில் முப்பத்தைந்து வருஷம் எஞ்சின் ஒர்க்‌ஷாப் வெச்சிருந்தவர். 1980-களில் எங்க பக்கத்து வள்ளங்களுக்கு மோட்டார் வந்தப்போ அவர் வயசு முப்பதுக்குள்ளே. அன்னைக்கு வந்தது பெரும்பாலும் மண்ணெண்ணெய்யில் ஓடுற ஜப்பான் எஞ்சின்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். நிறுத்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மறுபடி பெட்ரோலுக்கு வந்துடணும். மறந்தா கார்புரேட்டருக்குள்ள மண்ணெண்ணெய் தங்கிடும், விடியற்காலை இருட்டுல குளிர்ந்த எஞ்சினோட கயிறை எத்தனை தடவை இழுத்தாலும் பிடிக்காது. ஒர்க்‌ஷாப்பை மூடினப்போ யாருமே திரும்ப வாங்கிட்டுப் போகாத ரெண்டு எஞ்சின் மிஞ்சிச்சு. சேகரிப்பு அதிலிருந்துதான் தொடங்கினது.

இப்போ இருக்கறதுல எனக்குப் பிடிச்சது ரெண்டு. ஒன்னு, 1950-களின் எவின்ரூட் லைட்வின், 3 குதிரைசக்தி. இன்னொன்னு இங்கிலாந்தின் பிரிட்டிஷ் சீகல், கொச்சியில் யாரோ பழைய பாய்மரப் படகை உடைச்சப்போ வந்தது. சீகலுக்கு மேல்மூடியே கிடையாது. ஃப்ளைவீல் திறந்தபடி சுத்தும், கயிறை அதில் சுத்தி இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணணும். அதோட பழைய மாடல்களுக்குப் பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். நாம இப்போ ஐம்பதுக்கு ஒன்னுன்னு படிக்கிறோம். சீகல் ஓடினா அறை முழுக்கப் புகை, பாட்டி ஜன்னலைச் சாத்துற சத்தம் தெருவுக்கே கேட்கும்.

மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு விஷயம் சொல்றேன். மேக்னெட்டோவை நாம படமாப் போட்டு மார்க் வாங்கியிருப்போம். லைட்வினோட ஃப்ளைவீலைக் கழற்றினா அது முழுசா கண்ணு முன்னாடி இருக்கு: வீலுக்குள்ள காந்தம், கீழே ரெண்டு காயில், ரெண்டு பாயின்ட், கண்டென்சர். பேட்டரியே இல்லை. பாயின்ட் இடைவெளி ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு. ஃபீலர் கேஜை நுழைச்சுப் பார்த்து, திருகி, மறுபடி பார்த்து, பிளக்கை பாடியில் ஒட்டி வெச்சு ஃப்ளைவீலைச் சுத்தினா 'டிக்'னு ஒரு நீலப் பொறி. எழுபது வருஷம் பழசான இரும்பு பொறி விடுறதைப் பார்த்த அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை.

ஷியர் பின்னும் அப்படித்தான். ப்ரொப்பெல்லரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கிற சின்ன பின் அது. பாறையில் அடிச்சா அந்த பின் உடையும், கியர் தப்பிக்கும். கையிலே ரெண்டு பின் ஸ்பேர் இருந்தா கரைக்கு வந்துடலாம். "எது உடையணும்னு முதல்லயே முடிவு பண்ணி வெச்சிருக்கான் பாரு"ன்னு பாட்டா சொன்னதுதான் டிசைன் பேப்பர்ல எனக்கு முழுசா விளங்கின முதல் பாடம்.

எஞ்சின் சத்தத்துல பாட்டாவுக்குக் காது பாதி போயிடுச்சு. இப்போ நீள ஸ்க்ரூடிரைவரோட முனையை எஞ்சின் மேல வெச்சு, கைப்பிடியைக் காதுக்கு முன்னால எலும்பில் அழுத்தி "கேட்கிறார்". பேரிங் போயிருக்கா, கியர் பல் தேஞ்சிருக்கா என்று சொல்லிடுவார். நானும் வெச்சுப் பார்த்தேன். எனக்கு எல்லாமே ஒரே மாதிரி உர்ருன்னுதான் கேட்டது. அது மேனுவலில் இல்லை, முப்பத்தைந்து வருஷத்துல இருக்கு.

இப்போ பிரச்சினை என்னன்னா, போன வருஷம் பாட்டாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வெச்சாச்சு. கனம் தூக்கக் கூடாது, கயிறு இழுக்கவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அவுட்போர்டைச் சும்மா போட்டா, அதுவும் கடல்காத்துல, சீக்கிரமே கெட்டுடும். பிஸ்டன் ரிங் சிலிண்டரோட துருவில் ஒட்டிக்கும், தண்ணி பம்ப்போட ரப்பர் இம்பெல்லர் மடங்கினபடியே இறுகிடும். இன்னொரு பக்கம் சித்தப்பா, அறையை இடிச்சுட்டு வாடகைக்கு வீடு கட்டலாம், எஞ்சினையெல்லாம் அலுமினிய எடைக்குப் போட்டுடலாம்னு சொல்றார். அவரைத் தப்புச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி செலவை ஏத்துக்கிட்டவர் அவர்தான். பாட்டா எதிர்த்து ஒன்னும் பேசலை. ராத்திரி எழுந்து போய் ஒவ்வொரு ஃப்ளைவீலையும் கையால ஒரு சுத்து சுத்திட்டு வந்து படுக்கிறார்னு பாட்டி சொன்னாங்க.

அதனால நானும் ஹாஸ்டல் நண்பர்கள் ரெண்டு பேரும் மாசத்துல ரெண்டு ஞாயிறு அங்கே போறோம். பிளாஸ்டிக் டிரம்மில் நல்ல தண்ணி நிரப்பி, அதில் மோட்டாரை இறக்கி, நாங்க கயிறு இழுக்கிறோம், அவர் நாற்காலியில் இருந்து அதிகாரம் பண்றார். "லேய், சோக்கை மூடு! வெள்ளம் வருதான்னு பாரு!" இதுவரை நாலு ஓடுது. ஒருத்தன் கழற்றுறதை வீடியோ எடுக்கிறான், நான் நோட்டில் எழுதுறேன். எந்த எஞ்சினுக்கு எந்த இம்பெல்லர் பொருந்தும், இல்லாட்டி எதை வெட்டி ஒட்டலாம், எல்லாம். எவின்ரூட் பெயரில் புது மோட்டார் செய்றதை 2020-லேயே நிறுத்திட்டாங்க. இந்த நோட்டு இனி யாருக்காவது தேவைப்படும்.

பதினொன்னையும் காப்பாத்த முடியுமான்னா, தெரியலை. அறை அடுத்த வருஷம் இருக்காது. லைட்வினையும் சீகலையும் நம்ம டிபார்ட்மென்ட் லேபில் வைக்கலாமான்னு ஹெச்.ஓ.டி. சாரிடம் கேட்டிருக்கேன், யோசிக்கிறேன்னார்.

உங்க ஊரிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். தறியோ, ஆயில் எஞ்சினோ, பழைய ரேடியோவோ. லீவுக்குப் போறப்போ ஒரு நோட்டோட போய் அவர் பக்கத்துல உட்காருங்க. வைவாவில் கேட்காத கேள்விகளைக் கேளுங்க. வர்ற ஞாயிறு எங்களோட வர விருப்பம் இருந்தா சொல்லுங்க, பஸ் காலை ஆறரைக்கு. பழைய சட்டை போட்டுட்டு வாங்க, சீகல் யாரையும் சும்மா விடாது.