ஃபாத்திமாவின் தஸ்பீஹ்

இறைவனை நாவாலும் உள்ளத்தாலும் நினைவுகூரும் திக்ருகளுள், நபிகளாரின் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களின் பெயரால் வழங்கும் தஸ்பீஹ், உழைத்துக் களைத்த ஒரு பெண்ணின் வீட்டில் கற்பிக்கப்பட்டது என்பதே அதற்குத் தனிப்பெருமை. திருகை சுற்றிக் கை காய்த்துப்போன அவர், பணியாள் ஒருவரைக் கேட்கச் சென்று தந்தையைக் காணாமல் திரும்பியபின், நபிகளார் இரவில் அவரது இல்லத்திற்கே வந்து, மகளுக்கும் மருமகன் அலீக்கும் நடுவே அமர்ந்து, உறங்கச் செல்கையில் ‘சுப்ஹானல்லாஹ்’ (அல்லாஹ் தூயவன்) 33 முறையும், ‘அல்ஹம்துலில்லாஹ்’ (புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே) 33 முறையும், ‘அல்லாஹு அக்பர்’ (அல்லாஹ் மிகப் பெரியவன்) 34 முறையும் ஓதுமாறு கற்பித்து, அது பணியாளைவிடச் சிறந்தது என்றும் கூறியதாகப் புகாரீ, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகள் பதிவு செய்கின்றன. படுக்கையில் சாய்ந்தபடியே விரற்கணுக்களில் எண்ணி முடிக்கத்தக்க இந்த எளிய வழிபாட்டை அலீ (ரலி), 657ஆம் ஆண்டின் ஸிஃப்பீன் போர் இரவில்கூடக் கைவிடவில்லை.