வாகரை: பாலத்துக்கு வடக்கே

வாழைச்சேனை கழிந்து, ஓட்டமாவடிப் பாலம் ஏறி இறங்கினால் கொஞ்சத் தூரத்தில் நாவலடிச் சந்தி. நேரே போனால் பொலன்னறுவை. வலக்கைப் பக்கம் திரும்பினால் திருகோணமலை றோட்டு. வாகரை அந்த றோட்டில் இருக்கிறது, மட்டக்களப்பு நகரத்திலிருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேல். வழியெல்லாம் கேணிகள்: மாங்கேணி, காயாங்கேணி, பனிச்சங்கேணி. இன்னும் புச்சாக்கேணியும் மதுரங்கேணியும். கடல் ஒரு பக்கம், களப்பு ஒரு பக்கம் என்று சுற்றிவர உப்புத் தண்ணீர் கிடக்கும் மண்ணில், நல்ல தண்ணீர் கிடைத்த இடத்துக்கெல்லாம் சனம் அந்தக் கேணியின் பெயரையே வைத்திருக்கிறது என்பது என் ஊகம். பனிச்சங்கேணிக்குப் பெயர் கொடுத்தது பனிச்சை மரம். நைலோன் வலை வருமுன் பனிச்சங்காயை இடித்து, அந்தச் சாயத்தில் வலையை ஊறவைத்து எடுப்பார்கள். நூல் உக்காது.

பனிச்சங்கேணிப் பாலத்தில் இறங்கி நிற்காமல் வாகரைக்குப் போனவர் வாகரையைப் பாதிதான் பார்த்தவர். களப்பு கடலைத் தொடும் இடம் அது. நான் நின்ற காலை, கைவலையைத் தோளில் மடித்துப் போட்டபடி ஒரு பெரியவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது காலில், பெருவிரலுக்குக் கீழே, ஒரு வெட்டு. பழைய சாரத்துணியைக் கிழித்துக் கட்டியிருந்தார். துணி நனைந்து சேற்று நிறமாகியிருந்தது.

“காலுக்கு மருந்து போடல்லியா?”

“மட்டி கீறினது மனே. அது தானா ஆறும்.”

“காய்ச்சல் வந்தா?”

“மறுகா என்ன, பெனடோல். அதுக்கும் அடங்காட்டி இஞ்ச ஆஸ்பத்திரி. அதுக்கும் அடங்காட்டி வாழைச்சேனை, மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி.” சொல்லிவிட்டு வலையை வீசினார்.

அந்தக் கால் வெட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

நிர்வாகக் கணக்கில் இது கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவு, மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கு எல்லை. கதிரவெளி தாண்டி வெருகல் போனால் திருகோணமலை மாவட்டம் வந்துவிடும். மேற்கே காட்டோரமாகக் கட்டுமுறிவு, ஆண்டான்குளம், மதுரங்கேணிக்குளம் என்று குளத்தடி ஊர்கள். மீன், இறால், நண்டு, வெள்ளாமை, கச்சான், தேன் எல்லாம் இங்கே பிழைப்பு. இரவில் யானைக்காவலும் சேரும். தமிழ் பேசும் கரையோர வேடர் இந்தப் பக்கத்துப் பழங்குடி. மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். வெளியிலிருந்து குறிப்புப் புத்தகத்தோடு வருபவரை வாகரை பார்க்கத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையைத் துடைத்தெடுத்தது. 2006 நவம்பர் 8 கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்தது. 2007 ஜனவரியில் இராணுவம் வாகரைக்குள் வந்தபோது ஊரில் ஆளில்லை. இரண்டரை வருடத்துக்குள் இத்தனையும்.

சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரைக்கு வந்தவர்களில் பலர் கையில் படிவம் இருந்தது. நித்திரை வருகிறதா, அலைச்சத்தம் கேட்டால் பயமா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எத்தனை? அமெரிக்கப் பத்திரிகையாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் எழுதிய நூலில், மேற்கின் மனவடு வைத்தியம் இலங்கைக்குள் எப்படி அலைபோல் வந்து இறங்கியது என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. ஆய்வு என்ற சொல்லைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் முகம் சுளிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனாலும் ஆய்வும் அரச காசும் ஒன்றாக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மண்ணே சாட்சி. 1963இல் இலங்கை முழுக்க மலேரியா நோயாளர் 17 பேர்தான். வென்றுவிட்டோம் என்று கையைத் தளர்த்தினார்கள். சில வருடத்தில் நோய் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. 1999இலும் இரண்டரை இலட்சத்துக்கு மேல். சுனாமி வந்ததும் உலகமே மலேரியாக் கொள்ளைக்குப் பயந்தது. தேங்கிய தண்ணீர், முகாம், கொசு, வேறென்ன வேண்டும்? மலேரியா ஒழிப்பு இயக்கத்தாரும் நீர் முகாமைத்துவ ஆய்வாளரும் சேர்ந்து, மாவட்டம் மாவட்டமாக வைத்திருந்த பழைய கணக்குகளை வரைபடமாக்கி 2005இல் வெளியிட்டார்கள். நோய் அப்போது மிகத் தாழ்ந்த நிலையில் இருந்ததை அந்த வரைபடங்கள் காட்டின. பயந்த கொள்ளையும் வரவில்லை. உள்நாட்டில் நிலைகொண்டிருந்த மலேரியாவின் கடைசி நோயாளர் 2012 அக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்தது. போர் நடந்த மாவட்டங்களிலும் விரலில் இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்ப்பதை விடாமல் செய்ததன் பலன் அது.

இனிப் பெரியவரின் கால்.

ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் ஒரு பற்றீரியா உண்டு, பர்கோல்டேரியா சூடோமல்லி. அது கொண்டுவரும் நோய் மெலியோய்டோசிஸ். காலில் உள்ள வெட்டு வழியாகப் புகும், சில வேளை மூச்சோடும் போகும். ஒருவருக்கு நெஞ்சுச்சளி, இன்னொருவருக்கு மூட்டில் சீழ், வேறொருவருக்கு ஈரலில் கட்டி, சிலருக்கு இரத்தத்தில் கலந்து சில நாளில் மரணம். காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் தவறான மருந்து கொடுப்பதும் உண்டு. அதிகம் பிடிபடுபவர்கள் சீனி வருத்தம் உள்ளவர்கள். ரங்கூனில் 1911இல் விற்மோர் என்ற மருத்துவர் இதைக் கண்டார். இலங்கையில் வசித்த ஐரோப்பியத் தேயிலைத் தரகர் ஒருவருக்கு இது இருந்ததாக 1927இலேயே பதிவாகிவிட்டது. அதற்குப் பிறகு எண்பது வருடம், அங்கொன்றும் இங்கொன்றும் தவிர, இலங்கையில் இந்த நோய் ‘இல்லை’.

இல்லாமலா இருந்தது? கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எனோக்கா கொரேயா, பேராதனையின் வசந்தி தேவநேசன், மேற்கு அவுஸ்திரேலியாவின் ரிம் இங்கிலிஸ் முதலியோர் ஆய்வுகூடங்களைப் பழக்கித் தேடத் தொடங்கினார்கள். 2006 முதல் 2014 மே வரை 32 பேருக்கு உறுதியானது. நாட்டின் பெரும்பாகத்திலிருந்தும் வந்தது. பெரும்பாலும் கிராமத்து ஆண்கள், நீரிழிவுக்காரர். தேடத் தேட ஆண்டுக் கணக்கு ஏறியது, சாவு விகிதம் இறங்கியது. கிழக்கிலங்கையில் ஒரு அடைமழைக்குப் பின் 10 பேரின் இரத்தத்தில் ஒன்றாக இந்தக் கிருமி முளைத்ததை 2021இல் ஒரு ஆய்வு விவரித்தது. ஒரே கிருமி பரவியதா என்று மரபணுவை வாசித்தால் இல்லை, அந்தப் பத்துப் பேரிடையே பல வகைகள் இருந்தன. மண் முழுக்க இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

கண்டுபிடிப்பது வித்தை ஒன்றுமில்லை. ஆனால் பொறுமை வேண்டும். ஊசியில் எடுத்த இரத்தத்தைக் கல்ச்சர் போத்தலில் விட வேண்டும். குளிர்பெட்டியில் வைக்காமல் சீக்கிரம் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். தட்டில் முளைப்பது முதலில் சாதாரணமாகத்தான் தெரியும். பழக்கமில்லாத கண் அதை அசுத்தமென்று கொட்டிவிடும். இரண்டு மூன்று நாள் விட்டால் காய்ந்த பூவிதழ்போல் சுருங்கும். ஜென்டமைசினுக்கு அசையாது, ஓகுமென்டினுக்கு அடங்கும். அந்த முரண்தான் துப்பு. பிறகு செப்டசிடிம் அல்லது மெரோபெனெம் இரண்டு கிழமைக்குக் குறையாமல் நரம்பில், அதற்குப் பின் மூன்று மாதமாவது குளிசை. வாகரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு கூலிக்காரர் மூன்று மாதம் குளிசையை விடாமல் எடுப்பது லேசான காரியமில்லை.

இந்த வைத்தியம் எங்கே நிறுவப்பட்டது தெரியுமா? லண்டனிலோ பாங்கொக்கிலோ அல்ல. வடகிழக்குத் தாய்லாந்தில் உபோன் ராச்சதானி என்ற வெள்ளாமை மாகாணத்து ஆஸ்பத்திரியில். அங்கு நடந்த பரிசோதனை 1989இல் லான்செற் மருத்துவ இதழில் வெளிவந்தது. பழைய மருந்துக் கலவையில் 74 வீதமாக இருந்த சாவு, செப்டசிடிமில் 37 வீதமாகியது. நோய் இருக்கிற இடத்துக்கே ஆய்வுகூடத்தைக் கொண்டுபோய் வைத்ததால் வந்தது அது. நம்மிடம் என்ன குறை? வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு மருத்துவம் கற்பிக்கும் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடமும் மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலையும் உண்டு. நோயும் மண்ணில் தாராளமாக இருக்கிறது.

அபிவிருத்தி என்றால் இங்கே பாலம்தான் ஞாபகம் வரும், நியாயம்தான். மட்டக்களப்பு–திருகோணமலை றோட்டில் ஒருகாலத்தில் பாதைப்படகுக்குக் காத்துக்கிடந்தோம். சவூதி நிதியில் 2009இல் கிண்ணியாப் பாலம், பிரெஞ்சு உதவியில் வெருகல் பக்கத்துப் பாலங்கள் என்று வந்து அந்தக் கதை முடிந்தது. இந்திய மானியத்தில் 2016இல் மேற்கிலும் தெற்கிலும் தொடங்கிய, ‘1990’ என்ற இலக்கத்துக்கு அழைக்கும் அம்புலன்ஸ் பிறகு நாடு முழுவதும் வந்தது. அதற்கப்பால் ‘முதலீடு’ என்ற பெயரில் வாகரைக்கு வந்தவை இல்மனைற் மண் அகழ்வுத் திட்டமும் இறால் பண்ணையும். கடற்கரை போகும், களப்பு கெடும் என்று சனம் பதாகையோடு றோட்டுக்கு இறங்கியது. காயாங்கேணிப் பவளப்பாறையைக் கடல் சரணாலயமாக்கியது 2019இல். அது நல்ல வேலை.

ஆனால் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தையோ கல்ச்சர் போத்தலையோ யாரும் நாடா வெட்டித் திறப்பதில்லை. பிரதேச வைத்தியசாலைத் தரத்துக்கு அப்படியொரு ஆய்வுகூடம் கொடுப்பது நாட்டின் வழக்கத்திலும் இல்லை. ஆய்வுகூடம் வேண்டாம். போத்தலும், அதை அன்றைக்கே மட்டக்களப்புக்குக் கொண்டுபோகும் ஒரு வாகன ஒழுங்கும் போதும். ஒரு கிலோமீற்றர் காப்பெற் றோட்டின் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை. மாகாண சபைக் காசோ மத்திய அரசின் காசோ, இதையும் பிரதேச அபிவிருத்திக் கணக்கிலேயே எழுத வேண்டும்.

வடகீழ்ப் பருவமழை தொடங்கி வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில்தான் கிழக்கில் இந்த நோய் கூடுகிறது. வெறுங்காலோடு சேற்றில் நிற்பவர்கள் வெட்டுக்காயத்தைக் கழுவி மூடிக் கட்டுங்கள், முடிந்தால் பூட்ஸ் போடுங்கள். காய்ச்சல் அடங்கவில்லையென்றால் கடையில் அன்ரிபயோற்றிக் வாங்கி விழுங்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். சீனி வருத்தம் இருப்பதையும் வயலில் நின்றதையும் டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.