வாய்க்குள் இரும்பா, மூக்கின் மேல் வாரா?

தியாகதுருகம் மலைக்கோட்டையை 1760இல் பிரெஞ்சுத் தளபதி லாலி ஹைதர் அலிக்கு விட்டுக்கொடுத்தார். குதிரைப்படைகள் புழுதி கிளப்பிய அந்தச் சமவெளியில் இன்று கரும்பும் மரவள்ளியும்தான். குதிரை என்றால் இப்போது வாடகைக்கு வருவது: கல்யாண ஊர்வலம், மஞ்சள் நீராட்டு, கட்சித் தலைவர் வரவேற்பு. இல்லையென்றால் அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் சுதைக் குதிரை. அதன் வாயிலும் கடிவாளம் உண்டு. உதடு பின்னுக்கு இழுபட்டுப் பல் முழுக்கத் தெரியும். அந்தப் பல்லை வீரம் என்றே பார்த்துப் பழகிவிட்டோம்.

நான் பார்க்கப்போன குதிரைக்காரரிடம் இருந்தது ஒரு வெள்ளைப் பெட்டை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது.

“இதுக்கு வாய் ரொம்ப மெலிசு சார். லகானத் தொட்டாலே தலையத் தூக்கிடுது.”

கட்டைவிரலை உதட்டோரம் நுழைத்து வாயைத் திறந்து காட்டினார். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஒரு வெற்றிடம். இரும்பு உட்காருவது அங்கேதான். மெல்லிய ஈறு, அதற்கடியில் கத்தி விளிம்புபோலத் தாடையெலும்பு. லகானை வெடுக்கென்று இழுத்தால் இரும்புக்கும் எலும்புக்கும் நடுவே மாட்டுவது அந்த ஈறு. இதன் மேல் முள் வைத்த கடிவாளத்தையும் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சுமை, வண்டி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன.

கடிவாளத்தை மாற்றுவதற்கு முன் பல்லைப் பார்க்க வேண்டும். குதிரைப் பல் வயதாக ஆகவும் ஈறிலிருந்து மேலெழுந்துகொண்டே இருக்கும். அரைத்து அரைத்து மேல்கடைவாயின் வெளிவிளிம்பு கூராகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழிக்கும். அப்போது பழியை மட்டும் இரும்பு வாங்கிக்கொள்ளும். இந்தப் பெட்டைக்குக் கால்நடை மருத்துவர் அரம் போட்டுத் தேய்த்துவிட்டாராம். அதற்குப் பிறகும் தலையாட்டல் நிற்கவில்லை.

அதனால்தான் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் இரும்பில்லாக் கடிவாளத்துக்குச் சொல்லியிருந்தார். நான் போனபோது பெரியவர் குத்தூசியும் மெழுகு நூலுமாக மூக்குவாரின் உள்பக்கம் கம்பளித் துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வார்கள் தாடைக்கடியில் குறுக்கே போய் எதிர்க்கன்னத்தில் ஏறும் அமைப்பு. இடது லகானை இழுத்தால் வலது கன்னம் அழுந்தும். குதிரை இடப்பக்கம் திரும்பும். கால்நடை மருத்துவர் ராபர்ட் குக் பரப்பிய வகை இது. பெரியவருக்கு அந்தப் பெயர் தெரியாது. செல்போனில் படம் பார்த்து, குதிரை முகத்தை நூலால் அளந்து வந்திருக்கிறார்.

மூக்குவார் எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் இருவருக்கும் தகராறு. கீழே இறக்கினால் குதிரை சீக்கிரம் நிற்கும் என்கிறார் குதிரைக்காரர். சீக்கிரம் நிற்கத்தான் செய்யும். மூக்கெலும்பு கீழே போகப்போக மெலிந்து, முடிந்து, அதற்கப்பால் வெறும் குருத்தெலும்பு. அங்கே அழுத்தினால் மூச்சடைக்கும். நெம்புகோல்போல நீண்ட கம்பி வைத்த வகையாக இருந்தால் சேதம் இன்னும் மோசம். வாயில் இரும்பு இல்லை என்பதாலேயே அது சாதுவான சாமானாகிவிடாது. பெரியவர் எலும்பு இருக்கும் இடத்திலேயே வாரை நிறுத்தினார். அகலமும் அரை விரல் கூட்டினார். தோல் அவருடையது, பேச்சுக்கு இடமில்லை.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று. எந்தக் கடிவாளம் என்பதைக் குதிரைக்காரர் முடிவு செய்வதில்லை. வாடகைக்கு எடுப்பவர்தான் முடிவு செய்கிறார். மேளத்துக்கு முன்னால் குதிரை கழுத்தை வளைத்து, நுரை தள்ளி, காலைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அதற்குத்தான் காசு. நாட்டியக் குதிரை என்று பெயர். வாயில் இறுக்கிப் பிடித்த இரும்பு அந்த ஆட்டத்தில் பாதி. கூட்டம் கைதட்டுகிறது, சுதைக் குதிரையின் பல்லை ரசிப்பதைப் போலவே.

புது வாரோடு பெட்டை கொல்லையில் சுற்றி வந்தது. தலை ஆடவில்லை. சரவெடிக்கும் பேண்டு சத்தத்துக்கும் நடுவே இதே வாரில் நிற்குமா என்று கேட்டேன்.

“அதுக்கு இன்னும் பழக்கணும் சார். இப்போதைக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு மட்டும் அனுப்புறேன், மெதுவா நடந்தாப் போதும். ஆட்டம் கேட்டா வேற குதிரைதான்.”

நடக்கிற குதிரைக்கு வாடகை பாதிதானாம். அதையும் பேரம் பேசுகிறார்கள்.