ஊட்டிக்கு சைக்கிளில் போகலாமா? எந்தப் பாதை எவ்வளவு கஷ்டம்?

சைக்கிளில் ஊட்டி ஏறியவர்களிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். உடம்பின் தெம்பு மட்டும் அதற்குக் காரணமல்ல, ஏறிய பாதையும்தான்.

கிலோமீட்டரையும் கொண்டை ஊசி வளைவுகளையும் மட்டும் எண்ணினால் கஷ்டம் புரியாது. 100 மீட்டர் தூரம் போவதற்குள் எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்று பாருங்கள். அதுதான் சாய்வு சதவீதம்.

குன்னூர் பாதை: மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு சுமார் 33 கி.மீ. ஏறும் உயரம் சுமார் 1,500 மீட்டர். சராசரி சாய்வு 5 சதவீதத்துக்குள்தான். சீராக மிதித்தால் ஏறிவிடலாம். பஸ், லாரி நெரிசல்தான் சோதனை.

கோத்தகிரி பாதை: கோத்தகிரி வரைக்கும் ஏறக்குறைய அதே தூரம், அதே ஏற்றம். ஆனால், அங்கிருந்து ஊட்டிக்கு இன்னும் 30 கி.மீ. இருக்கிறது. ஊட்டியைவிட உயரமான தொட்டபெட்டா சந்திப்பைத் தாண்டித்தான் ஊருக்குள் இறங்க வேண்டும். களைத்த கால்களுக்கு அந்தக் கடைசி ஏற்றம் பெரும் பாடு.

கல்லட்டி பாதை: மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு சுமார் 30 கி.மீ.தான். தூரம் குறைவு என்று ஏமாந்துவிடாதீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சுமார் 12 கி.மீ. மலைச்சாலையிலேயே 1,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சராசரியே 8 சதவீதத்தைத் தாண்டும். ஊட்டி மலை ரயில் பாதையின் மிகச் செங்குத்தான இடத்தில் சாய்வு 8.33 சதவீதம். அதற்கே ரயிலுக்குப் பல்சக்கரம் தேவைப்படுகிறது. நமக்கு இருப்பதோ இரண்டு கால்கள்!

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. விபத்துகளால்தான், வெளியூர் சுற்றுலா வாகனங்கள் ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியே இறங்கத் தடை இருக்கிறது. எந்த மலையில் இறங்கினாலும் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிடித்துப் பிடித்து விடுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு குன்னூர் பாதையே நல்லது. யானைகள் நடமாடும் காடு என்பதால், நன்றாக விடிந்த பிறகே கிளம்புங்கள். கோடை சீசனில் சாலைகளை ஒருவழியாக மாற்றுவதுண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் வியர்க்கும், உச்சியில் நடுங்கும். பையில் தண்ணீரோடு ஒரு ஸ்வெட்டரும் இருக்கட்டும்.

குன்னூர் பாதை பழகட்டும், அடுத்து கோத்தகிரி. கல்லட்டி எங்கும் போய்விடாது!