பனித்தரையும் மறைந்த கரங்களும்

கலையொன்றின் நிறைவு, அதற்குப் பின்னாலுள்ள உழைப்பு கண்ணிற் படாதிருப்பதிலேயே தங்கியுள்ளது என்று கூறுவதுண்டு. இக்கூற்று அரங்கக் கலைகள் அனைத்துக்கும் ஓரளவு பொருந்துமெனினும், பனிச்சறுக்கு நடனக் காட்சிக்குப் பொருந்துமளவுக்கு வேறெதற்கும் பொருந்தாதெனலாம். ஏனைய அரங்குகளில் தரை என்பது முன்னரே இருப்பது. மண்ணாலோ மரத்தாலோ அமைந்தது. பனிச்சறுக்கு நடனத்திலோ, தரையையே மனிதர் ஆக்கவேண்டியுள்ளது. ஆக்கிய பின்னரும் அது ஒவ்வொரு கணமும் நீராகிவிட முயன்றுகொண்டேயிருக்கும். அதனை அவ்வாறு ஆகவிடாது காப்பவர்கள் பார்வையாளர் முன் தோன்றுவதில்லை.

இக்கலை இயற்கையின் உறைந்த குளங்களிலிருந்து மண்டபத்துக்குள் வந்தமைக்குப் பொறியியலே காரணமாயிற்று. 1876 ஆம் ஆண்டில் ஜோன் கம்ஜி என்பவர் இலண்டனில், குழாய்களின் வழியே குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி நீரை உறையச் செய்யும் தளமொன்றை அமைத்தார். 1915 இல் சார்லொட் என்னும் ஜேர்மானியப் பெண் நியூயோர்க் நகரின் ஹிப்போட்றோம் அரங்கில் ஆடிய பனிநடனம் பெருங்கூட்டத்தைக் கவர்ந்தது. 1928, 1932, 1936 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் தொடர்ந்து தங்கப் பதக்கம் வென்ற நோர்வே நாட்டுச் சோன்யா ஹெனி, அதன் பின்னர் தொழில்முறைக் கலைஞராகித் தமது குழுவுடன் அமெரிக்க நகரங்களை வலம் வந்தார். 1943 இல் ஒகையோ மாநிலத்து டொலிடோ நகரில் தோன்றிய ‘ஹொலிடே ஒன் ஐஸ்’ குழுவோ, பனித்தளத்தையே தன்னுடன் கொண்டு செல்லும் முறையைக் கைக்கொண்டது. பனித்தளம் இல்லாத ஊருக்கும் காட்சி செல்லலாம் என்ற நிலை இதனால் உருவாயிற்று.

இம்மாற்றத்தின் பாரத்தைச் சுமந்தவர் யாவர் என்பதே இங்கு சிந்திக்கத்தக்கது. சுற்றிவரும் குழுவொன்று ஓர் ஊரை அடையும்போது முதலில் மண்டபத்துள் நுழைபவர் நடனக் கலைஞரல்லர், தளம் அமைப்போரே. வெறுந்தரையின் மீது குழாய்களைப் பரப்பி, அவற்றுள் உறைநிலைக்குக் கீழே குளிரூட்டப்பட்ட உப்புநீரையோ கிளைக்கோற் கரைசலையோ ஓடவிட்டு, மேலே நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் படலத்தின் மேற் படலமாக உறைய வைப்பர். ஒரேயடியாக நீரை ஊற்றினால் தரை சமனாக உறையாது. ஆகையால் இப்பணி பொறுமையைக் கோருவது. பெரும்பாலும் இரவுறக்கத்தையும் கோருவது. பல மணி நேர உழைப்பின் முடிவில் உருவாகும் பனிக்கட்டியின் தடிப்புச் சில சென்ரிமீற்றர்களே. இயல்பான பனிக்கட்டியூடாகக் குழாய்களும் நிலமும் மங்கலாகத் தெரியுமாதலால், அதற்கு வெண்ணிறமும் பூசப்படுகின்றது. பார்வையாளர் ‘பனியின் வெண்மை’ என்று வியப்பதும் ஒருவர் கைப்பூச்சே.

தளம் அமைந்தபின் அதன் குளிர்நிலையைக் காப்பது மற்றொரு கலை. நடனத்துக்கு உகந்த பனிக்கட்டி ஏறத்தாழ –3 முதல் –4 பாகை செல்சியஸ் வரையிலான குளிருடையது. அதனிலும் கடினமாயின் அலகின் விளிம்பு நன்கு பற்றாது. பாய்ந்து இறங்குபவரின் காலடியிற் பனி பெயர்ந்து சிதறும். இளகிவிட்டாலோ நீர் தேங்கி வேகத்தைக் கெடுக்கும். மண்டபம் நிறைந்த மக்களின் உடற்சூடும், நூற்றுக்கணக்கான விளக்குகளின் வெப்பமும் தரையை இளக்கிக்கொண்டேயிருக்கும். கூட்டம் பெருகுவது காட்சியை நடத்துபவருக்கு மகிழ்ச்சி; குளிரூட்டும் யந்திரத்தைக் கவனிப்பவருக்கு அது புதியதொரு கவலை.

திரைக்குப் பின்னே நிலைமை எவ்வாறு? நடைவழி முழுவதும் றப்பர் விரிப்புகள் இடப்பட்டிருக்கும். வெறுந்தரையில் ஓரடி வைத்தாலும் சப்பாத்தின் அலகு மழுங்கிவிடும். ஒரு காட்சிக்கும் மறு காட்சிக்கும் இடையே கிடைக்கும் ஓரிரு நிமிடங்களில், சப்பாத்தைக் கழற்றாமலேயே உடையை மாற்றவேண்டியுள்ளது. இருட்டில் முழந்தாளிட்டு, கூரிய அலகுகளிடையே கைகளைச் செலுத்திக் கொளுக்கிகளைப் பூட்டும் பெண், நடனமாடுபவரின் மூச்சு வாங்கலைக் கேட்கின்றாள்; நடனத்தையோ காண்பதில்லை. ஆடையில் ஒளிரும் ஒவ்வொரு மினுக்கத்தையும் அவள் இறுகத் தைத்திருக்கவேண்டும். கொண்டை ஊசியொன்றோ உதிர்ந்த மணியொன்றோ பனித்தரையிற் கிடப்பின், அதில் தடுக்கும் அலகு சடுதியாக நின்றுவிடும். ஆடுபவரின் உடலோ நில்லாது. ஆகவே இங்கு தையல் என்பது அழகுக்கான பணி மாத்திரமன்று. பிறர் எலும்பைக் காக்கும் பணியுமாகும்.

அலகின் முன்முனைப் பற்கள் பாய்ச்சலின்போது தரையைக் குத்திக் குழி செய்கின்றன. அக்குழிகளை நனைந்த பனித்தூளால் நிரப்புவதும், இடைவேளையில் தளம் முழுவதையும் புதுப்பிப்பதும் வேறு சிலரின் கடமை. கலிபோர்ணியாவின் பரமவுண்ட் நகரிற் சறுக்குமண்டபம் நடத்திய பிராங் ஸம்போனி 1949 இல் தமது யந்திரத்தை ஆக்குமுன்னர், பல தொழிலாளர் ஒரு மணி நேரத்துக்கு மேலாகச் சுரண்டியும் கழுவியும் இதனைச் செய்தனர். அவ்யந்திரமோ சுரண்டல், கழுவுதல், நீர் படரவிடுதல் ஆகிய யாவற்றையும் சில நிமிடங்களில் ஒருசேர முடித்தது. சோன்யா ஹெனியும் தமது குழுவுக்கென அதனை வாங்கினார். இடைவேளையில் அவ்யந்திரம் உலாவரும்போது மாத்திரமே பின்னணி உழைப்பு ஒருகணம் முன்னணிக்கு வருகின்றது. அவ்வேளை பார்வையாளர் பலர் சிற்றுண்டி வாங்க எழுந்து சென்றுவிடுவதுமுண்டு.

மறைந்திருந்து உழைப்பது இழிவா, பெருமையா என்ற வினா இங்கு எழுகின்றது. தம் கைவேலை தெரியாதிருப்பதே அதன் வெற்றியென மகிழும் தொழிலாளர் உளர்; அம்மகிழ்ச்சி பொய்யன்று. ஆயின் கண்ணுக்குத் தெரியாதிருத்தல் வேறு, கருத்திற் கொள்ளப்படாதிருத்தல் வேறு. முன்னது கலையின் தேவை. பின்னது சமூகத்தின் அசட்டை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் கேட்டுக்கு வரலாறு சான்று பகர்கின்றது.

1952 இற் பால்டிமோர் நகரில் ஹெனியின் காட்சிக்காக அமைக்கப்பட்ட தற்காலிக இருக்கைத் தொகுதி சரிந்து இருநூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். 1963 ஒக்ரோபர் 31 ஆந் திகதி இரவு, இண்டியானாபோலிஸ் நகரின் பெருமண்டபத்தில் ‘ஹொலிடே ஒன் ஐஸ்’ காட்சியின் நிறைவுப் பகுதி நடந்துகொண்டிருந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். இருக்கைகளின் கீழமைந்த அறையிலே, சோளப்பொரியைச் சூடாக வைத்திருப்பதற்கென வைக்கப்பட்டிருந்த புறொப்பேன் வாயுக் கொள்கலனிற் கசிவு ஏற்பட்டு, வாயு வெடித்தது. எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 400 பேர் காயமுற்றனர். சற்று முன்னர் நடனம் நிகழ்ந்த அதே பனித்தரையிற் சடலங்கள் கிடத்தப்பட்டன.

இவ்விரு துயரங்களிலும் நடனமாடியோரின் கால் தவறவில்லை, பனிக்கட்டியும் பிளக்கவில்லை. ஒருவரும் நோக்காத இடத்தில், இருக்கைகளின் அடியிலேயே கேடு பிறந்தது என்பது மனங்கொளத்தக்கது. ஒளிவட்டம் விழும் இடத்தை ஆயிரம் கண்கள் காவல் செய்கின்றன. ஆங்கு பிழை நேரின் உடனே தெரிந்துவிடும். ஒளி விழாத இடத்துக்கோ கடமையுணர்ச்சி ஒன்றே காவல். ஆங்கு நின்று ஒரு தாங்கியின் திருகாணியை இறுக்கிப் பார்ப்பவரும், வாயுவின் மணத்தை உணர்ந்து குரல் கொடுப்பவரும் எவ்வித கைதட்டலையும் பெறமாட்டார். அவர்தம் பணி சரிவர நிறைவேறியதற்குரிய ஒரே அடையாளம், எதுவும் நிகழாமையே. நிகழாத ஒன்றுக்கு எவரும் நன்றி கூறுவதில்லை. ஆதலாற்றான் அப்பணிக்குப் போதிய ஆளும் நேரமும் ஒதுக்காது சிக்கனம் காட்டுவது எளிதாகிவிடுகின்றது.

மேடையிலுள்ளோரின் புகழைக் குறைத்து மதிப்பிடுவதால் மறைந்துள்ளோருக்கு நீதி கிடைத்துவிடாது. நான்கு மில்லிமீற்றர் அளவேயான அலகின் ஒரு விளிம்பில் உடல் முழுவதையும் சாய்த்து வளைவொன்றை வரைபவரின் பயிற்சி அரியதே. ஆயின் அவ்விளிம்பு நம்பித் தொடுவது, பிறரொருவர் இரவெல்லாம் உறையவைத்த நீரையன்றோ? நடனமாடுபவர் அதனை அறிவார். ஒவ்வொரு பாய்ச்சலின்போதும் அவர் தம் உயிரை அம்முகமறியாக் கரத்திடமே ஒப்படைக்கின்றார். பார்வையாளரும், தாம் அமர்ந்திருக்கும் இருக்கையின் மூலம், அவ்வாறே ஒப்படைத்துள்ளனர். அதனை அவர் அறியாதிருப்பதே வேறுபாடு. காட்சி முடிந்ததும் மண்டபம் வெறுமையாகும். குளிரூட்டல் நிறுத்தப்பட, பனித்தரை உடைத்து அகற்றப்படும். குழாய்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றுவோர் அடுத்த ஊருக்குப் புறப்படுவர். ஆங்கும் முதலிற் சென்று சேர்பவர் அவர்களே.